குச்சி

இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அமுக்கினால்தான் அந்தப் பிரஸ் மெஷின் இறங்கும். வேலை வேகமாக நடக்க, ஒரு பொத்தானைக் குச்சி செருகி அமுக்கியே வைத்திருப்பார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் வந்தால் யாராவது “மாமா வந்தாச்சு!” என்று கத்த, சூப்பர்வைசர் துரைக்கண்ணு ஓடிவந்து குச்சியைப் பிடுங்குவார்.

இன்று நஷ்டஈட்டு வழக்கில் அவர்தான் கம்பெனிச் சாட்சி. “குச்சியா? எங்க கம்பெனியில அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுங்கய்யா. அந்தம்மாதான் கவனமில்லாம கைய விட்டுருச்சு.”

அந்த மெஷினில் இடக்கை விரல்களை இழந்த செல்லக்கிளி எழுந்தாள். அவள் வக்கீல் சேலையைப் பிடித்து இழுக்காத குறையாக உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“மாமா வந்தாச்சு!”

துரைக்கண்ணுவின் கை தானாகப் பாய்ந்து, சாட்சிக் கூண்டின் விளிம்பில் இல்லாத ஒன்றைப் பிடுங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தபடியே அந்தரத்தில் நின்றன. நீதிபதி அவற்றையே பார்த்தார்.

“அந்தக் குச்சிய ஐயாகிட்டக் குடுங்கண்ணே” என்றாள் செல்லக்கிளி.