ஒன்பது நிமிடம்

மார்ச் முதல் தேதியிலிருந்து, எல்லைச் சாவடியில் ஒரு சரக்கு லாரி நிற்கும் நேரம் மூன்று நாளிலிருந்து ஒன்பது நிமிடமாகக் குறைந்தது.

"என் வண்டியைச் சோதனைக்குப் போடுங்க மேடம்" என்றார் லாரி டிரைவர், பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு.

சுங்க அதிகாரி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதுக்கு?"

"சந்தேகமா இருக்கு."

"யார் மேல?"

"என் மேலதான்."

தடுப்புக் கட்டையருகே நின்ற காவலர் சிரித்துவிட்டார். இருபது வருட சர்வீசில் இப்படிக் கேட்ட டிரைவரை அவர் பார்த்ததில்லை.

வெளியே பனி. நாலு கிலோமீட்டருக்கு லாரிகள் முட்டிக்கொண்டு நின்ற சாலை, கழுவிவிட்டதுபோல் காலியாகக் கிடந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு லாரி மிதந்து வரும். சத்தமில்லாமல் கட்டை உயரும். லாரி மறுபடி பனியில் கரைந்துபோகும். வந்தது நிஜம்தானா என்று காவலருக்கே சில சமயம் தோன்றும்.

"லோடு என்ன?"

"மெத்தை மேடம். முந்நூத்தி இருபது மெத்தை. நான் மட்டும் சீட்டுல சுருண்டு தூங்குறேன்."

"முத்திரை சரியா இருக்கு. கம்ப்யூட்டர் பச்சை காட்டுது. புதுக் கொள்கைப்படி, பச்சை வண்டியைக் காரணமில்லாம ஒரு நிமிஷம்கூட நான் நிறுத்தி வைக்க முடியாது."

"காரணம் இருக்கு மேடம்." டிரைவரின் குரல் தணிந்தது. "போன மாசம் வரிசையில நிக்கும்போது ஒருத்தங்ககிட்ட, என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டேன். அடுத்த தடவை வரிசையில நிக்கிறப்ப சொல்றேன்னாங்க. இப்ப வந்து பார்த்தா வரிசையே இல்லை."

"அதுக்கு அரசாங்கம் என்ன பண்ணும்?"

"ஏன்யா, ஒரு போனைப் போட்டுக் கேக்கறதுதானே?" என்றார் காவலர்.

"இதெல்லாம் போன்ல சொல்ற விஷயமில்லைன்னு அவங்களே சொல்லிட்டாங்கண்ணே."

"யாரு, டீக்கடை அம்மாவா? அடப் பாவமே! வரிசை போனதும் வியாபாரம் படுத்துருச்சுன்னு போன வாரமே கடையைப் பூட்டிட்டுப் போயிட்டாங்களே!"

டிரைவர் வெளியே பார்த்தார். பனிக்குள் மூடிய கடையின் தகரக் கதவு மங்கலாகத் தெரிந்தது. மூன்று வருடமாக மாதத்துக்கு மூன்று நாள் இந்தச் சாலையில் நின்றிருக்கிறார். இங்கேயே சமைத்து, துணி துவைத்து, கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்திருக்கிறார். வாழ்க்கையில் அவர் அதிகம் பேசியதும் இந்த வரிசையில் நின்றபோதுதான்.

அதிகாரி படிவத்தைத் திறந்தார். பதினான்கு கேள்விகள்.

"வெடிபொருள்? இல்லை. உயிருள்ள பிராணி? இல்லை. உடைந்த முத்திரை? இல்லை."

அவரே கேட்டு, அவரே தட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு 'இல்லை'க்கும் டிரைவரின் முகம் ஒரு படி இறங்கியது. பதிமூன்று 'இல்லை' முடிந்தபோது சுவர்க் கடிகாரத்தில் எட்டு நிமிடம் போயிருந்தது.

"சரி, விடுங்க மேடம்" என்றார் டிரைவர். "இனிமே இந்த ரூட்டுக்கு வேற ஆளை அனுப்பச் சொல்லி முதலாளிகிட்ட சொல்லிடறேன்."

"முதல்ல போய் வண்டியில ஏறுங்க டிரைவர்."

ஏறினார். என்ஜின் உறுமியது. கட்டை உயரவில்லை. பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது.

"என்ன மேடம், மெஷின் மக்கர் பண்ணுதா?" காவலர் உள்ளே வந்து, திரைமேல் குனிந்து, கடைசிக் கேள்வியை வாய்விட்டுப் படித்தார். "'ஓட்டுநர், பணியில் இருக்கும் அதிகாரிக்கு உறவினரா?' ஆம். 'என்ன உறவு?' வருங்காலக் கணவர்."

விதிப்படி வண்டி ஓரமாக நிறுத்தப்பட்டது. அதை விடுவிக்க வேண்டிய வேறு அதிகாரி, தலைமையகத்திலிருந்து மறுநாள் காலை பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தார்.