ஓரத்தில் ஒரு வரி

வாகனப் படகு இல்-பிசார் தீவின் கரையை விட்டு விலகியதும் அப்பா உறையை என்னிடம் நீட்டினார்.

"இப்ப உடை, பிள்ளை."

வீட்டிலிருந்து இறங்கும்போது தபால்காரர் தந்தது. வழி முழுக்கச் சட்டைப்பைக்குள் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆற்றின் மறுபக்கம், லாவால் கரைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பிரான்சிலிருந்து வந்திருந்தது.

அப்பா காரைக்காலில் பிறந்தவர். அது பிரெஞ்சுக்காரரின் ஊராக இருந்த காலம். கைக்குழந்தையாக மன்னாருக்கு வந்தவர் என்றுதான் எனக்குத் தெரியும். அந்தப் பிறப்புப் பதிவு கிடைத்தால் அவர் பிரெஞ்சுக் குடிமகன். அவர் வழியாக நானும்.

நான் கட்டப்போகும் டெனிஸ்டன் பாரிஸில் இருக்கிறான். நான்கு வருடமாகியும் அவனுடைய அகதி விசாரணை முடியவில்லை. அவனால் எல்லை தாண்ட முடியாது. நாங்கள் சேர்ந்து வாழ்வதென்றால் நான்தான் தாண்டவேண்டும்.

பிரெஞ்சு பேசும் இந்த ஊர்த் துறைமுகத்தில் பதினெட்டு வருடம் பெட்டி இறக்கியும் அப்பாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு மூன்று சொல். விண்ணப்பம் அனுப்பிய நாளிலிருந்து நீளப் பாண்தான் வாங்குவார். "பிரெஞ்சுக்காரன் வேற என்னத்தைத் தின்னுறது?" என்பார்.

உறையை உடைத்தேன். பழைய பதிவேட்டின் பிரதி, சரிந்த கையெழுத்து.

அம்புறோஸ், ஆண். தாய் தகப்பன் பெயர்கள். 1946 மார்ச் 11.

ஒவ்வொரு மார்ச் 11க்கும் நான் கேக் வாங்குவேன். அப்பா தொடமாட்டார். கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து படுத்துவிடுவார்.

எல்லாம் சரியாக இருந்தது.

இடது ஓரத்தில், வேறு மையில், ஒரு வரி.

மேற்படி குழந்தை 1946 ஜூன் 2ஆம் திகதி இறந்தது.

மறுபடி வாசித்தேன். படகை இழுக்கும் இரும்புக் கயிறு ஆற்றுக்குள்ளிருந்து எழும்பி, சொட்டி, மறுபடி ஆற்றுக்குள் போனது.

இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது எங்கள் சனத்தில் புதிதல்ல. அப்பாவின் தாய் தகப்பன் பெயரோடு பிறப்புப் பத்திரத்தையும் கொடுத்துவிட்டார்கள். என் பக்கத்தில் நிற்கும் அம்புறோஸ் பிறகு வந்தவர். மன்னாரில், ஒருவரும் பதியாத ஏதோ ஒரு நாளில்.

பாரிஸ் போய்விட்டது.

ஆனாலும் ஐம்பத்தெட்டு வயது மனிதரிடம், உங்கள் பிறந்தநாள் உங்களுடையதல்ல என்று எப்படிச் சொல்வது?

தாளை மடித்தேன்.

"ஏதோ ஒரு பத்திரம் குறையுதாம், அப்பா. பேந்து பாப்பம்."

அப்பா என் முகத்தையே பார்த்தார். காற்றில் என் கண்ணுக்குள் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

"பிடிபட்டிட்டம், என்ன?"

நான் தலையசைத்தேன்.

"செத்தது அவையின்ர புத்தகத்தில இராது, உன்னை அந்தப் பெடியனிட்ட அனுப்பிப்போடலாமெண்டு நினைச்சன்."

பின்னால் கார்களை ஒவ்வொன்றாக இயக்கத் தொடங்கினார்கள். அப்பா அசையவில்லை. தாளை என் கையிலிருந்து மெல்ல எடுத்து விரித்தார். என் கண் நின்ற இடத்தைக் கவனித்திருக்கிறார். தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த ஓரத்து வரியில் விரலை வைத்தார்.

"அண்ணையை எங்க புதைச்சதெண்டு போட்டிருக்கோ, பிள்ளை?"