வாள் ராணி

மணிலாவில், கியாப்போ தேவாலயத்துக்கு எதிரே குடை விரித்து டாரட் சீட்டு வைத்துக் குறி சொல்கிறவள் ஃபெலிசா. அன்று நெனிதா என்று ஒரு புது ஆள் வந்து உட்கார்ந்தாள்.

“என் பொண்ணுக்கு ஒரு சம்பந்தம் கூடி வருதுக்கா. பையன் தங்கம். மாமியார் எப்படின்னுதான் தெரியணும்.”

ஃபெலிசா சீட்டுகளைக் கலைத்து ஒன்றைத் திருப்பினாள். கையில் வாளோடு ஒரு ராணி.

“ராஜா, ராணி வந்தா நிஜமா ஒரு ஆளைத்தான் காட்டும். இவ புருஷன் இல்லாம தனியா நின்னு பையனை ஆளாக்கினவ. வாயைத் திறந்தா கத்திதான்.”

“ஐயோ, கெட்டவளா?”

“சேச்சே! பொய் பேச மாட்டா. மகன் தப்பு பண்ணினா மருமக பக்கம்தான் நிப்பா. ஆனா தான் சொல்றதுதான் சட்டம்னு நினைப்பு. ஊர்ல எல்லாரையும் எடை போடுவா, தன் குணம் மட்டும் தனக்குத் தெரியாது.”

“இப்ப நான் என்ன பண்றது?”

“தாராளமா கட்டிக் குடு. தனிக்குடித்தனம் மட்டும் வச்சிடு. ஒரே வீட்டுல அவகூட யாராலயும் குப்பை கொட்ட முடியாது.”

நெனிதா நிம்மதியாகச் சிரித்தாள்.

“உங்க பையன் ரொமெலும் இதையேதான் சொல்றான். உங்ககிட்ட சொல்லத்தான் அவனுக்குப் பயம். ஞாயித்துக்கிழமை பொண்ணு கேட்டு வீட்டுக்கு வந்துடுங்க, சம்பந்தி.”

ஃபெலிசா சீட்டிலிருந்த ராணியை முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“தனிவீடு சரி. ஆனா அது எங்க தெருவுலதான் இருக்கணும், சொல்லிட்டேன்!”