பின்விளக்கு

பழைய அமெரிக்கத் தொடர்களில் அண்ணன் தணிகாசலம் கதையைப் பார்ப்பதில்லை, தெருவில் ஓடும் கார்களைப் பார்ப்பான். பின்விளக்கு தெரிந்தால் போதும், வருடத்தோடு பெயரைச் சொல்லிவிடுவான். நாங்கள் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்தபோது எங்களுக்குப் பழைய கார் ஒன்றை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். பனியில் கடைகடையாக அலைந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைத்தான். ஏழாம் மாதம், பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் இருந்த கணவரும் மகளும் போனார்கள். பின்சீட்டில் இருந்த நான் பிழைத்தேன். "இப்படி ஆகும்னு யாருக்கும்மா தெரியும்?" என்று அண்ணன் என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதான். பதினோரு வருடங்கள் அதை நம்பினேன்.

நேற்று திரையில் ஒரு நீளமான கார் மரத்துக்குப் பின்னால் போனது. பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. பழக்கதோஷத்தில் அண்ணன் துள்ளினான்.

"அய்யோ, இந்தச் சனியனா! இறக்கத்துல பிரேக் நிக்காது. வாங்கும்போதே மெக்கானிக் தலைதலையா அடிச்சுக்கிட்டான், நான்தான்..."

கார் மரத்தைத் தாண்டி வெளியே வந்தது. அதன் பக்கவாட்டில் மரப்பலகை ஒட்டியிருந்தது, எங்களுடையதைப் போலவே.

"யாரு வாங்கும்போது, அண்ணே?"

அவன் ரிமோட்டைத் தேடினான். அது என் மடியில் இருந்தது. அழுத்தினேன். கார் அப்படியே நின்றது.

"நல்லாத்தான் நிக்குது," என்றேன். "மிச்சத்தைச் சொல்லு."