ஊசிமுனையில் இரண்டு ஒளி

டங்ஸ்டன் கம்பி ஒரு முழம் வாங்கினால் ஒரு காப்பி விலைகூட ஆகாது. அதை அமிலத்தில் அரித்துக் கூராக்கி, காற்றில்லாத கலத்துக்குள் நிறுத்திய இந்த ஊசிக்கோ விலை சொல்ல ஆளில்லை, மிச்சமிருப்பது இது ஒன்றுதான். ஆராய்ச்சிக்காரி அதன் முனையில் சிவப்பு லேசரையும் நீல லேசரையும் சேர்த்துப் பாய்ச்சுகிறாள். இரண்டு அலைகளும் கைகோத்தால் எலெக்ட்ரான்கள் தெறிக்க வேண்டும், பிணங்கினால் நிற்க வேண்டும். அவளுடைய மூன்று வருட உழைப்பு அதில்தான் இருக்கிறது. மாலை ஐந்துக்கு அறை அடுத்த குழுவுக்குப் போய்விடும். வினாடிக்கு எத்தனை எலெக்ட்ரான் தெறிக்கிறது என்று காட்டும் திரையில் எண் அசையாமல் நிற்கிறது. "பவரைக் கொஞ்சம் ஏத்தட்டுமாண்ணே?" என்கிறாள். "தாராளமா ஏத்தும்மா. போன வாரம் ஏத்தி ஒண்ணு உருகி உருண்டையாச்சே, அதுக்கும் ஒரு ஜோடி வேணும்ல?" என்கிறார் லேசரைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன், தலை நிமிராமல். அவள் பவரிலிருந்து கையை எடுக்கிறாள். நீல ஒளியைச் சற்றே தாமதப்படுத்தும் கண்ணாடித் துண்டை மயிரிழை நகர்த்துகிறாள், பிறகு இன்னொரு மயிரிழை. கலத்தின் காற்றை உறிஞ்சும் பம்பு உறுமிக்கொண்டே இருக்க, எண் சரிகிறது. நகர்த்தினால் ஏறுகிறது, மறுபடி சரிகிறது. டெக்னீஷியன் இப்போது தலை நிமிர்ந்திருக்கிறார். அவள் நோட்டில் எழுதுகிறாள்: அலைகள் கைகோத்தபோது வினாடிக்கு ஆயிரத்து நாற்பது, பிணங்கியபோது முப்பத்தொன்று. நிற்க வேண்டிய அந்த முப்பத்தொன்றும் யாரைக் கேட்டு வெளியே வந்தன என்று எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது.