முடக்கத்தான் தோசையும் ஆட்டுக்கால் பாயாவும்

தாண்டவராயனுக்கு யூரிக் அமிலம் ஏறி, கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி வீங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தட்டில் முடக்கத்தான் கீரை தோசை வந்து மிடுக்காக உட்கார்ந்தது. பக்கத்துக் கிண்ணத்தில் ஆட்டுக்கால் பாயா ஆவி பறக்கச் சிரித்தது.

"நீ எதுக்கு இங்கே வந்தே?" என்று பதறியது தோசை. "உன்னால ஏறின வீக்கத்தை இறக்கத்தானே என்னைச் சுட்டிருக்காங்க!"

"வெறும் தோசையை எப்படித் திங்கிறது? தொட்டுக்க ஏதாவது வேணாமா?" என்றது பாயா.

அதற்குள் தாண்டவராயன் தோசையைப் பிய்த்துப் பாயாவில் முக்கிவிட்டார். மேஜைக்கு அடியில் கட்டைவிரல், "போச்சுடா!" என்று முனகியது.

நாலு ஞாயிறு இப்படியே போயின. வீக்கம் வடியவில்லை.

"இந்தக் கீரை சுத்த வேஸ்ட்," என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார் தாண்டவராயன். "அடுத்த வாரத்திலிருந்து நெருஞ்சில் கஷாயம் போடு."

அடுத்த ஞாயிறு, நெருஞ்சில் கஷாயம் டம்ளரில் விறைப்பாக வந்து நின்றது. கிண்ணத்திலிருந்து பாயா மரியாதையாக எட்டிப் பார்த்தது.

"வாங்க, வாங்க. உங்களுக்கு முன்னாடி சீந்தில் வந்தாங்க, மூக்கிரட்டை வந்தாங்க, போன வாரம் வரைக்கும் முடக்கத்தான் இருந்தாங்க. எல்லாருக்கும் வேலை போயிடுச்சு. இந்த வீட்டுல நான் மட்டும்தான் பெர்மனென்ட்."