சாட்சிக்கு ஒரு படம்

முதலாவது குற்றம் மண்டப வாசலிலேயே அகப்பட்டது.

"பாருங்கோ, நிறைகுடத்துத் தேங்காய் சரிஞ்சு கிடக்கு!" என்றாள் அனுஷியா. உடனே ஒரு ஸ்கிரீன்ஷொட்.

கல்யாணம் லண்டனில். அனுஷியா இருந்ததோ வெள்ளவத்தையில், நாலாம் மாடியில், லப்டொப்புக்கு முன்னால். மயில்கழுத்து நிறத்தில் பட்டுச் சேலை கட்டி, கொண்டையில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தாள். கணவர் தியாகராசாவையும் பட்டு வேட்டி கட்ட வைத்திருந்தாள்.

"ஆருக்கப்பா தெரியப் போகுது? நாங்கள்தான் அவையைப் பாக்கலாம், அவைக்கு எங்களைத் தெரியாது" என்றார் அவர்.

"பெறாமகளின்ர கல்யாணத்தைச் சாரத்தோட இருந்து பாப்பீங்களோ?"

மத்தியானம் முன் வீட்டு மேபல் வாசலில் மறித்து, "எங்க அக்கா, இவ்வளவு வடிவா வெளிக்கிட்டு?" என்று கேட்டிருந்தாள்.

"லண்டனுக்கு. கல்யாணம்."

"பிளைட் எத்தனை மணிக்கு?"

"வைஃபை வந்த உடன" என்றார் தியாகராசா.

மணப்பெண் சாருஜா, அனுஷியாவின் தங்கை சுபோதினியின் மகள். விசா கிடைக்கவில்லை என்று அனுஷியா சொன்ன அன்று, "உனக்கு வர மனமில்லை அக்கா, நேரத்தோட போட்டிருந்தால் கிடைச்சிருக்கும்" என்று தங்கை சொல்லிவிட்டாள். "நீ மனசோட கூப்பிட்டிருந்தால் விசாவும் கிடைச்சிருக்கும்" என்று அக்காவும் விடவில்லை. அதோடு பேச்சு நின்றது. கூடப் பிறந்தது இரண்டே பேர். இரண்டு பேருக்கும் நாக்கு ஒரே நீளம். கல்யாணத்தை நேரலையில் பார்க்கும் லிங்கைக்கூட சாருஜாதான் அனுப்பியிருந்தாள்.

"இண்டைக்கு நடக்கிற பிழை முழுக்க எடுத்துக் குடும்ப குரூப்பில போடப் போறன்" என்று நேரலை தொடங்கும் முன்பே சொல்லியிருந்தாள் அனுஷியா. "பெரியம்மா இல்லாத கல்யாணத்தின்ர லட்சணத்தை எல்லாரும் பாக்கட்டும்."

"போட்டீர் எண்டால் அவள் இனி இந்தப் படி ஏறமாட்டாள்."

"ஏறாட்டிப் போகட்டும். எப்பிடிப் படம் எடுத்து வைக்கிறது எண்டு சொல்லித் தாங்கோ."

கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியின் கம்பியூட்டர் பகுதியில் வேலை செய்து ஓய்ந்தவர் தியாகராசா. மறுபேச்சில்லாமல் சொல்லிக் கொடுத்தார்.

"பிரிண்ட் ஸ்கிரீனை அமத்தும். பெயிண்டைத் திறந்து ஒட்டும். சேவ் குடும். பேர் கேட்டால் 'கல்யாணம்' எண்டு அடியும்."

முதல் படத்துக்குப் பிறகு, ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பெட்டி எழும்பி நின்றது.

"என்னவோ கேக்குதப்பா."

"அது அப்பிடித்தான் கேக்கும். யெஸ் குடும்."

யெஸ். மாப்பிள்ளையின் தலைப்பாகை கோணல். யெஸ். மேளகாரர் ஒருவர் போனை நோண்டுகிறார். யெஸ். சாருஜாவின் மாலை வாடல். "கோயில் வாசல்ல வாங்கினாலும் இதைவிட நல்லது வாங்கலாம்!" யெஸ்.

தாலி ஏறிய நேரம் மட்டும் எதையும் அமத்த மறந்துபோனாள். கெட்டிமேளம் முழங்க, கிண்ணத்தில் தயாராய் வைத்திருந்த அறுகரிசியை அள்ளி, எழுந்து நின்று, லப்டொப்பின் மேலேயே தூவினாள். அரிசி விசைகளுக்கிடையில் போய் ஒளிந்துகொண்டது.

"பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் குற்றம் பார்க்க உட்கார்ந்தாள்.

கடைசியில் ஆராத்தி. தாயும் பெரியம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பிடித்து எடுப்பது அவர்கள் குடும்ப வழக்கம். சுபோதினி தட்டின் ஒரு பக்கத்தைத் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றப் பக்கம் ஆளில்லை. வாழைப்பழத் துண்டில் எரிந்த திரி நடுங்கியது.

"பாத்தீங்களோ! ஆராத்திக்கு இன்னொருத்தியைப் பிடிக்க வக்கில்லை!"

"இது நல்ல சாட்சி, எடும்" என்றார் தியாகராசா அவசரமாக.

யெஸ்.

"காணும், லப்டொப் சூடேறிட்டுது." நேரலையை அவரே நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சுபோதினி.

"அக்கா, பாத்தனியே?"

"ஒண்டும் விடாமப் பாத்தனான். உன்ர வண்டவாளம் முழுக்க என்ர கையில இருக்கு. பொறு, அனுப்புறன்."

அனுஷியா கோப்புறையைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு படம். தேங்காயில்லை, தலைப்பாகையில்லை, மேளகாரரும் இல்லை. ஆராத்தி மட்டும். வந்த கோபத்துக்கு அதையே அனுப்பினாள்.

மறுமுனையில் ஒரு விம்மல்.

"இதையே எடுத்தனி அக்கா? மற்றப் பக்கம் பிடிக்க ஆளில்லையோ எண்டு எல்லாரும் கேட்டவை. சம்பந்தியம்மா கூட ஓடி வந்தவ. நான் ஒருத்தரையும் பிடிக்க விடேல்லை. அது உன்ர பக்கமெல்லே?"

அனுஷியா படத்தைப் பார்த்தாள். மயில்கழுத்துச் சேலை கட்டிய ஒருத்தி வந்து நிற்க அளவான இடம், அப்படியே விட்டுக் கிடந்தது.

அதற்குப் பிறகு அழுகை, சிரிப்பு, மறுபடி அழுகை.

"நிறைகுடத்துத் தேங்காய் சரிஞ்சு கிடந்ததடி, மூதேவி!"

"நீ வந்து வைச்சிருந்தால் சரியுமே? தையில பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வாறன். அங்க வைச்சு இன்னொருக்கா ஆராத்தி எடுப்பம். இடியப்பமும் சொதியும் வேணும்."

போனை வைத்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபோதுதான் அனுஷியாவுக்கு அந்தச் சின்னப் பெட்டி கேட்டது என்னவென்று உறைத்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள்.

"வேலைக்குப் போன காலமெல்லாம் கம்பியூட்டரோட கிடந்தனீங்கள். ஒரே பேரைக் குடுத்து யெஸ் அமத்தினால், முன்னம் எடுத்ததெல்லாம் அழிஞ்சுபோகும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

தியாகராசா விசைகளுக்கிடையில் கிடந்த அறுகரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.